கைமாறி வந்த கிளி பேச மறுக்கிறதா?

கதிர் கொத்தும் கிளிகளை எப்படி விரட்டுவது என்றுதான் விவசாயிகள் எங்களிடம் வழக்கமாகக் கேட்பார்கள். பூவம் பக்கம் போனால் வேறொரு கேள்வியும் வருகிறது. பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பும் உறவினர்கள், வளர்த்த கிளியை இங்கே விட்டுச் செல்கிறார்கள். அங்கே நாள் முழுக்கப் பேசிய கிளி, இங்கே வந்ததும் வாயே திறப்பதில்லை.

முதலில் அது எந்தக் கிளி என்று பாருங்கள். பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி போன்ற நம் நாட்டு இனங்களை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அன்பளிப்பாக வந்தது என்றாலும் தப்ப முடியாது. 2023 பிப்ரவரியில் சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த 2 பெரிய பச்சைக்கிளிகள் மீட்கப்பட்டு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போயின, அபராதம் 2.5 லட்சம் ரூபாய். நண்டலாற்றுக்கு அக்கரை தமிழ்நாடு, இக்கரை புதுச்சேரி என்றாலும் சட்டம் ஒன்றே. அத்தகைய கிளியை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வயலில் திறந்துவிடாதீர்கள், சிறகு வெட்டிய கிளி பூனைக்கு இரையாகும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என்றால், 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். கைமாறியதையும் அதில் தெரிவிக்க வேண்டும்.

ஏன் பேசுவதில்லை?

கிளியின் குரல், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள உறுப்பில் பிறக்கிறது. தடித்த நாக்கு அந்த ஒலியை மாற்றி அமைக்கிறது. காட்டில் கிளிகள் தம் கூட்டத்தின் குரலைக் கேட்டுப் பழகி ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும். கூண்டுக் கிளிக்கு வீட்டாரே கூட்டம். வீடு மாறும்போது அந்தக் கூட்டமே போய்விடுகிறது. புது இடத்தில் பயமும் சேர்கிறது. சில வாரங்கள், சில கிளிகளுக்கு மாதங்கள்கூட, இந்த மௌனம் நீடிக்கலாம். பிறகு வாய் திறந்தாலும் முதலில் வருவது பழைய வீட்டுப் பிள்ளையின் பெயரும் குக்கர் விசிலுமாகத்தான் இருக்கும்.

சில நேரம் வசவும் வரும். 2020-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவுக்கு வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த 5 சாம்பல் கிளிகள் ஒரே இடத்தில் வைக்கப்பட்டன. அவை கெட்ட வார்த்தை பேச, ஊழியர்கள் சிரிக்க, பேச்சு இன்னும் கூடியது. கடைசியில் பார்வையாளர் கண்ணில் படாமல் பிரித்து வைத்தார்கள். சிரித்தாலும் திட்டினாலும் கிளிக்கு அது பரிசுதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், நல்ல சொல் வரும்போது உடனே பதில் பேசுங்கள்.

பழக்கும் முறை

கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும். பழைய தீனியைத் திடீரென மாற்றக் கூடாது. எந்தச் சொற்கள் தெரியும், எப்போது பேசும் என்று முன்பு வளர்த்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ‘தண்ணி’ என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் வாங்கி, 2007-இல் இறக்கும் வரை ஆய்வு செய்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, இருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்வதைப் பார்த்துத்தான் நிறம், வடிவப் பெயர்களைக் கற்றது. வீட்டில் இருவர் அப்படிப் பேசிக் காட்டலாம். செல்போனில் பதிவை ஓடவிடுவது அந்த அளவுக்குப் பலன் தராது.

நாக்கில் வசம்பு தடவுவது, நாக்கைச் சுரண்டுவது, பட்டினி போடுவது எதுவும் கூடாது. மிளகாய் கொடுத்தால் பேசும் என்பதும் வீண் நம்பிக்கை. பறவைகளுக்கு மிளகாயின் காரமே தெரியாது.

பேசாத கிளி நன்றாகத் தின்றால் பொறுத்திருக்கலாம். தீனி எடுக்காமல் இறகைச் சிலிர்த்தபடி உட்கார்ந்திருந்தாலோ, எச்சம் தண்ணீராகப் போனாலோ, மூச்சுக்கு வால் ஆடினாலோ அது நோய். மனிதருக்கும் தொற்றும் கிளிக் காய்ச்சலாக இருக்கலாம். புதிதாக வந்த கிளியைக் குறைந்தது 30 நாள் கோழிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். எச்சத்தை உலரவிட்டுப் பெருக்காமல், நனைத்துத் துடையுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.