தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் மீதான ஊழல் குற்றச்சாட்டுகளும் எதிர்க்கட்சிகளின் உத்திகளும்

தமிழ்நாட்டில் பதவியிலுள்ள முதலமைச்சர் அல்லது ஆளுங்கட்சித் தலைவர் ஒருவர் மீது ஊழல் குற்றச்சாட்டு எழும்போது, அவரைப் பதவி விலகச் செய்வதற்காக எதிர்க்கட்சிகள் பல உத்திகளைக் கையாண்டு வந்துள்ளன. ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ மனு அளித்தல், நீதிமன்றத்தை நாடுதல், கூட்டணிக் கட்சிகள் வழியாக நடுவண் அரசுக்கு நெருக்கடி தருதல், தேர்தல் பரப்புரை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. 1972 முதல் 2017 வரையிலான காலத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.), அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் (அ.தி.மு.க.) ஆகிய இரு கட்சிகளும் ஆளுங்கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் மாறி மாறி இந்நிலையைச் சந்தித்தன.

இந்நிகழ்வுகளில் பெரும்பாலானவை தென் சென்னை, மத்திய சென்னைப் பகுதிகளை மையமாகக் கொண்டவை. மு. கருணாநிதியின் கோபாலபுரம் இல்லமும் ஜெ. ஜெயலலிதாவின் போயஸ் தோட்ட இல்லமும் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்தவை. தி.மு.க.வின் தலைமையகமான அண்ணா அறிவாலயம் தேனாம்பேட்டையிலும், ஆளுநர் மாளிகை கிண்டியிலும், பாரதிய ஜனதாக் கட்சி, இந்தியப் பொதுவுடைமைக் கட்சி ஆகியவற்றின் மாநில அலுவலகங்கள் தியாகராய நகரிலும் உள்ளன.

சட்டப் பின்னணி

முதலமைச்சர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டார் என்பதற்காக மட்டும் பதவி விலக வேண்டும் என எந்தச் சட்டமும் கூறவில்லை. தாமாக விலகுதல், சட்டப்பேரவையில் பெரும்பான்மையை இழத்தல், அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின்கீழ் ஆட்சி கலைக்கப்படுதல், நீதிமன்றத் தீர்ப்பால் தகுதி இழத்தல் ஆகிய வழிகளிலேயே அவர் பதவியிழக்க முடியும். ஆளுங்கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருக்கும்போது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் பயன் விளைவதில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் அறுதிப் பெரும்பான்மை அரசுகளே அமைந்ததால், எதிர்க்கட்சிகள் சட்டப்பேரவைக்கு வெளியே உள்ள வழிகளை நாடின.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 8ஆம் பிரிவு, தண்டனை பெற்றவர் தேர்தலில் போட்டியிடுவதைத் தடுக்கிறது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலத்திலும் விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகளும் தகுதியற்றவர் ஆவார். பதவியிலுள்ள உறுப்பினர்கள் மூன்று மாதத்திற்குள் மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம் என இருந்த சலுகையை, லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 10, 2013 அன்று நீக்கியது.

மனு அளிக்கும் உத்தி (1972–1976)

தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ம. கோ. இராமச்சந்திரன் (எம்.ஜி.ஆர்) அக்டோபர் 1972இல் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அடுத்த மாதமே அன்றைய முதலமைச்சர் கருணாநிதி மீதும் அவரது அமைச்சர்கள் மீதுமான ஊழல் குற்றச்சாட்டுகள் அடங்கிய மனு குடியரசுத் தலைவரிடம் அளிக்கப்பட்டது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் மு. கல்யாணசுந்தரமும் இம்முயற்சியில் இணைந்திருந்தார். தி.மு.க.வுக்குச் சட்டப்பேரவையில் பெரும்பான்மை இருந்ததால் மனுவால் உடனடி விளைவு ஏற்படவில்லை.

நெருக்கடி நிலையின்போது, ஜனவரி 31, 1976 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. இதையடுத்து, குற்றச்சாட்டுகளை விசாரிக்க நீதிபதி சர்க்காரியா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இந்த ஆணையம் அரசியல் உள்நோக்கம் கொண்டது எனத் தி.மு.க. கூறியது. ஆணையத்தின் அறிக்கைகளைத் தொடர்ந்து கருணாநிதிக்கு எதிராக நீதிமன்றத் தண்டனை எதுவும் வரவில்லை. எனினும் 1977 சட்டப்பேரவைத் தேர்தலில் அ.தி.மு.க. வெற்றி பெற்று எம்.ஜி.ஆர் முதலமைச்சரானார்.

நடுவண் அரசின் ஒத்துழைப்பு இருந்தால் மட்டுமே இவ்வுத்தி பலனளிக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. ஜனவரி 30, 1991 அன்றும் தி.மு.க. அரசு 356ஆம் பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. அப்போதைய காரணம் ஊழல் அன்று. சட்டம் ஒழுங்கும் விடுதலைப் புலிகள் தொடர்பான குற்றச்சாட்டும் ஆகும். ஆளுநர் சுர்சித் சிங் பர்னாலா பரிந்துரை அறிக்கை அளிக்காத நிலையிலும் அக்கலைப்பு நடைபெற்றது. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு 356ஆம் பிரிவின் பயன்பாட்டை நீதிமன்ற ஆய்வுக்கு உட்படுத்தியதால், இவ்வழி பெருமளவு அடைபட்டது.

ஆளுநரின் அனுமதி (1995)

1991 முதல் 1996 வரை ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, ஜனதா கட்சித் தலைவர் சுப்பிரமணியன் சுவாமி வேறொரு வழியைக் கையாண்டார். முதலமைச்சர் மீது ஊழல் வழக்குத் தொடர அனுமதி வேண்டி ஆளுநர் மா. சென்னா ரெட்டியிடம் அவர் மனு அளித்தார். மார்ச் 25, 1995 அன்று ஆளுநர் அனுமதி வழங்கினார். இதனை ஜெயலலிதா நீதிமன்றத்தில் எதிர்த்தார். ஆளுநரைத் திரும்ப அழைக்கக் கோரும் தீர்மானம் சட்டப்பேரவையில் நிறைவேறியது.

ஜெயலலிதா பதவி விலகவில்லை. ஆயினும் ஊழல் குற்றச்சாட்டுகளும், செப்டம்பர் 1995இல் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரமும் அடுத்த தேர்தலின் முதன்மைப் பரப்புரைப் பொருள்களாயின. 1996 தேர்தலில் அ.தி.மு.க. 4 இடங்களை மட்டுமே பெற்றது. ஜெயலலிதா பர்கூர் தொகுதியில் தோல்வியுற்றார்.

தண்டனையும் பதவியேற்பும் (1996–2002)

1996இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க., வழக்குகளை விரைந்து நடத்தச் சிறப்பு நீதிமன்றங்களை அமைத்தது. டிசம்பர் 7, 1996 அன்று ஜெயலலிதா போயஸ் தோட்ட இல்லத்தில் கைது செய்யப்பட்டார்.

இதே காலத்தில் அ.தி.மு.க.வும் எதிர்க்கட்சி என்ற முறையில் நடுவண் அரசு வழியாக நெருக்கடி தர முயன்றது. 1998 மக்களவைத் தேர்தலில் 18 இடங்களை வென்ற அக்கட்சி, அடல் பிகாரி வாச்பாய் அரசுக்கு ஆதரவு அளித்தது, தி.மு.க. அரசைக் கலைக்குமாறும் வலியுறுத்தியது. கோரிக்கைகள் ஏற்கப்படாத நிலையில் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17, 1999 அன்று வாச்பாய் அரசு ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் கவிழ்ந்தது. ஆனால் அதன் பின் தி.மு.க. பாரதிய ஜனதாக் கட்சியுடன் கூட்டணி அமைத்ததால், இவ்வுத்தி எதிர்பார்த்ததற்கு மாறான விளைவைத் தந்தது.

அக்டோபர் 9, 2000 அன்று டான்சி நில வழக்கில் ஜெயலலிதாவுக்கு மூன்று ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கிண்டியில் தமிழ்நாடு சிறுதொழில் கழகத்திற்கு (டான்சி) உரிய சொத்தை, அவர் பங்குதாரராக இருந்த ஜெயா பப்ளிகேசன்சு நிறுவனம் 1992இல் வாங்கியது தொடர்பான வழக்கு இது. தண்டனையை நிறுத்தி வைத்த சென்னை உயர் நீதிமன்றம், குற்றத் தீர்ப்பை நிறுத்தி வைக்க மறுத்தது. எனவே 2001 தேர்தலில் அவர் நான்கு தொகுதிகளில் அளித்த வேட்பு மனுக்களும் தள்ளுபடி செய்யப்பட்டன. மூன்று மனுக்கள் தண்டனை காரணமாகவும், நான்காவது மனு இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனு அளித்த காரணமாகவும் தள்ளுபடியாயின.

அத்தேர்தலில் தண்டனை பற்றிய பரப்புரை தி.மு.க.வுக்கு உதவவில்லை. அ.தி.மு.க. 132 இடங்களை வென்றது, தி.மு.க. 31 இடங்களையே பெற்றது. மே 14, 2001 அன்று ஆளுநர் பாத்திமா பீவி, சட்டப்பேரவை உறுப்பினர் அல்லாத ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதங்கள் வரை அமைச்சராக இருக்கலாம் எனக் கூறும் 164(4)ஆம் பிரிவு இதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது.

ஜூன் 30, 2001 அதிகாலையில் மேம்பால ஊழல் வழக்கில் கருணாநிதி கைது செய்யப்பட்டார். நடுவண் அமைச்சர்கள் முரசொலி மாறன், த. ரா. பாலு ஆகியோரும் கைதாயினர். அப்போது அண்ணா அறிவாலயத்திலிருந்து இயங்கிய சன் தொலைக்காட்சி கைதுக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஆளுநரைத் திரும்ப அழைக்க நடுவண் அமைச்சரவை பரிந்துரைத்ததைத் தொடர்ந்து பாத்திமா பீவி பதவி விலகினார். மாநில அரசு கலைக்கப்படவில்லை.

இறுதியில் நீதிமன்றமே முடிவெடுத்தது. பி. ஆர். கபூர் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு செப்டம்பர் 21, 2001 அன்று ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தேர்தலில் போட்டியிடத் தகுதியற்ற ஒருவர் 164(4)ஆம் பிரிவின் வழியாகவும் முதலமைச்சராக முடியாது என்பதும், மக்களின் தேர்வு அரசியலமைப்புக்கு மேற்பட்டது ஆகாது என்பதும் இத்தீர்ப்பின் சாரம். அன்றே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

டிசம்பர் 4, 2001 அன்று உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை டான்சி வழக்கிலிருந்து விடுவித்தது. ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்ற அவர் மார்ச் 2, 2002 அன்று மீண்டும் முதலமைச்சரானார். நவம்பர் 2003இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. எனினும் அரசுச் சொத்தை வாங்கியது முறையற்றது எனக் கண்டித்தது.

வழக்கை இடம் மாற்றும் உத்தி (2003–2017)

ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சரானபின், அவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கு தமிழ்நாட்டில் நியாயமாக நடைபெறாது எனத் தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தார். நவம்பர் 18, 2003 அன்று வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. பதவி விலகல் கோரிக்கையை வலியுறுத்துவதை விட, ஆளும் தலைவரின் அரசிடமிருந்து வழக்கைப் பிரிப்பதே இங்கு எதிர்க்கட்சியின் நோக்கமாக இருந்தது.

செப்டம்பர் 27, 2014 அன்று பெங்களூர் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்கா, ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டுகள் சிறைத்தண்டனையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். லில்லி தாமஸ் தீர்ப்பின் விளைவாக அவர் உடனடியாகப் பதவியிழந்தார். ஓ. பன்னீர்செல்வம் இரண்டாம் முறை முதலமைச்சரானார். மே 11, 2015 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்ததும், மே 23 அன்று ஜெயலலிதா மீண்டும் பதவியேற்றார். அதையடுத்த இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலைத் தி.மு.க. உள்ளிட்ட பெரும்பாலான எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி போட்டியிட்டுத் தோற்றது. 2016 பொதுத்தேர்தலிலும் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்க வைத்தது.

ஜெயலலிதா டிசம்பர் 5, 2016 அன்று காலமானார். பிப்ரவரி 14, 2017 அன்று உச்ச நீதிமன்றம் பெங்களூர் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டளித்தது. இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது, வி. கே. சசிகலா உள்ளிட்ட மூவர் சிறை சென்றனர். வழக்குத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

கூட்டணியைப் பிரிக்கும் உத்தி (2010)

2ஜி அலைக்கற்றை விவகாரத்தில், நடுவண் அமைச்சர் ஆ. ராசா பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அவரை நீக்குவதால் தி.மு.க. ஆதரவை விலக்கினால், அந்த இழப்பை ஈடுசெய்யத் தாம் ஆதரவு திரட்டித் தருவதாக நவம்பர் 2010இல் ஜெயலலிதா காங்கிரசுக்கு அறிவித்தார். காங்கிரசு இதனை ஏற்கவில்லை. நவம்பர் 14 அன்று ராசா பதவி விலகினார். 2011 சட்டப்பேரவைத் தேர்தலில் தி.மு.க. 23 இடங்களைப் பெற்று, 29 இடங்களை வென்ற தே.மு.தி.க.வுக்கு எதிர்க்கட்சித் தகுதியையும் இழந்தது. டிசம்பர் 21, 2017 அன்று சிறப்பு நீதிமன்றம் ராசா உள்ளிட்டோரை விடுவித்தது. இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.

ஆளுங்கட்சியின் எதிர் உத்திகள்

எதிர்க்கட்சிகளின் நெருக்கடிக்கு ஆளுங்கட்சிகள் பொதுவாகப் பின்வரும் வழிகளில் பதிலளித்துள்ளன:

1. வழக்குகள் அரசியல் பழிவாங்கல் எனப் பரப்புரை செய்தல்.
2. நம்பிக்கைக்குரிய ஒருவரை இடைக்கால முதலமைச்சராக்கி, கட்சியின் கட்டுப்பாட்டைத் தலைவரே வைத்திருத்தல் (2001, 2014).
3. இடைத்தேர்தல் வெற்றியை மக்கள் தீர்ப்பாக முன்வைத்தல் (2002, 2015).
4. எதிர்க்கட்சித் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்தல்.

பிற இடங்களில்

மகாராட்டிரத்தில் ஏ. ஆர். அந்துலே, பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 1982இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பீகாரில் மாட்டுத் தீவன ஊழல் வழக்கில் சிக்கிய லாலு பிரசாத், 1997இல் தம் மனைவி ராப்ரி தேவியை முதலமைச்சராக்கினார். போபர்சு விவகாரத்தில் ராஜீவ் காந்தி விலகக் கோரி, 1989இல் மக்களவை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் பதவி விலகினர். ஐக்கிய அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் 1974இல் விலகியதற்கு, அவரது சொந்தக் கட்சியினரின் ஆதரவு குறைந்தது முதன்மைக் காரணமாயிற்று. தனிநபர் தலைமையை மையமாகக் கொண்ட தமிழ்நாட்டுக் கட்சிகளில் இத்தகைய உட்கட்சி நெருக்கடி தலைவருக்கு எதிராகப் பெரும்பாலும் எழுந்ததில்லை.

மதிப்பீடு

இக்காலத்தில் எதிர்க்கட்சியின் கோரிக்கையை மட்டும் ஏற்று எந்தத் தமிழ்நாட்டு முதலமைச்சரும் பதவி விலகவில்லை. 1976இல் நடுவண் அரசும், 2001, 2014 ஆண்டுகளில் நீதிமன்றங்களுமே பதவியிழப்புக்குக் காரணமாயின. நீதிமன்ற வழி தலைவரைப் பதவியிலிருந்து அகற்றியபோதும், தேர்தல் வெற்றியை எதிர்க்கட்சிக்கு உறுதி செய்யவில்லை. 1996, 2011 தேர்தல்களில் ஊழல் குற்றச்சாட்டு ஆளுங்கட்சிக்குப் பாதகமாக அமைந்தது. இரண்டிலும் தேர்தலுக்கு முன் நீதிமன்றத் தண்டனை எதுவும் வந்திருக்கவில்லை. மாறாகத் தண்டனைக்குப் பின் நடந்த 2001 தேர்தலில் தண்டனை பெற்றவரின் கட்சியே வென்றது.

எதிர்க்கட்சியினர் மனுதாரராகச் செயல்படுவதால் வழக்குகள் கைவிடப்படாமல் தொடர்கின்றன என்பது இவ்வழியின் நன்மை ஆகும். ஆட்சி மாறும்போதெல்லாம் வழக்குகளின் வேகமும் மாறுவதால், குற்ற விசாரணை கட்சிப் போட்டியின் ஒரு பகுதியாக மக்களால் பார்க்கப்படுகிறது என்பது இதன்மீதான விமர்சனம் ஆகும்.