ஸ்டெப்னியை எங்கே மாட்டுறது? வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுறவங்களுக்கு ஒரு கைடு!

பஞ்சர் கடையில போய் 'ஸ்பேர் வீல்'னு யாரும் கேட்க மாட்டோம். 'ஸ்டெப்னி'ன்னுதான் சொல்வோம். இந்தப் பேர் எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமா?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904-ல் ஒரு வேலை பார்த்தார்கள். அன்றைய கார்களில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது லேசான காரியமில்லை. அதனால் ஸ்போக்ஸே இல்லாத ஒரு ரிம்மில் காற்றடித்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கிளாம்ப் போட்டு இறுக்கும்படி செய்தார்கள். தெருவின் பேரே பொருளின் பேராகிவிட்டது. இந்தியாவில் 'ஸ்டெப்னி', பிரேசிலில் 'எஸ்டெப்பி'ன்னு அது இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

அதே பிரிட்டனில் இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டு ஷெட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது! 1957-ல் காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற குட்டி காரை விற்க ஆரம்பித்தது. பாகங்களாக வாங்கி நீங்களே மாட்டிக்கொண்டால் அன்றைய விற்பனை வரி கிடையாது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுண்டில் இப்படி ஒரு காரை எப்படிக் கட்டுவதுன்னு புத்தகமே போட்டார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் இன்ஜினும் ஆக்ஸிலும், ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் செய்த சேசிஸும் இருந்தால் போதும். அந்த வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்'னு பேர்.

இந்தக் கார்களில் பெரும்பாலும் கடைசி வரை தள்ளிப்போடப்படும் விஷயம், ஸ்டெப்னி. டிக்கி கிடையாது, இடம் கிடையாது. கடைசியில் பின்பக்கத் தகட்டில் நாலு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம்னு தோணும். அங்கேதான் ஆபத்து. ஸ்டெப்னி அலங்காரப் பொருள் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் காரை உலுக்குற ஒரு சுமை.

முதல்ல, ஸ்டெப்னி வேணுமா?

பிரிட்டனில் கார்ல ஸ்டெப்னி இருந்தே ஆகணும்னு சட்டம் இல்லை. அதனால் பலர் பஞ்சர் அடைக்கும் திரவமும் 12 வோல்ட் ஏர் பம்ப்பும் வச்சுக்கிட்டு கிளம்பிடுறாங்க. எடை 2, 3 கிலோதான். நம்ம நாட்டிலும் 2020-ல் இதே மாதிரி ஒரு சலுகை வந்தது. ட்யூப்லெஸ் டயர், டயர் பிரஷரைக் கண்காணிக்கும் வசதி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் பயணிகள் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை.

ஆனா ஆணி குத்தினால்தான் அந்தத் திரவம் உதவும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தாலோ, பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்தாலோ ஒண்ணும் செய்ய முடியாது. ஊருக்குள்ளேயே ஓட்டப் போறீங்கன்னா கிட் போதும். ராத்திரி, மலைப்பாதை, நீண்ட பயணம்னா ஸ்டெப்னி வேணும்.

எந்த வீல்?

நட்டு ஓட்டைகளோட கணக்கை முதல்ல பாருங்க. எஸ்கார்ட், சியாரா மாதிரி பழைய ஃபோர்டு பாகங்கள்ல 4 போல்ட், 108 மி.மீ வட்டம். மாஸ்டா எம்எக்ஸ்-5 பாகங்கள்ல 4 போல்ட், 100 மி.மீ. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினா உட்காராது. ஓட்டை சரியா இருந்தாலும் ரிம் பிரேக் காலிப்பரில் இடிக்கலாம். அதனால் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்க.

பின் டயர் அகலம், முன் டயர் ஒல்லின்னு இருந்தா, ஸ்டெப்னியின் மொத்த உயரம் எந்த ஆக்ஸிலுக்கு மேட்ச் ஆகுதுன்னு அளந்து வச்சுக்கோங்க. இன்ஜின் இழுக்கும் பின் ஆக்ஸிலில் இரண்டு வீலும் வேற வேற உயரமா இருந்தா, டிஃபரென்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாம வேலை செஞ்சு சூடாகும். தற்காலிக ஒல்லி வீலா இருந்தா 80 கி.மீ வேகத்துக்கு மேல போகக் கூடாது.

இன்னொன்று நட்டு. அலாய் வீலுக்கும் இரும்பு வீலுக்கும் நட்டு உட்காரும் முகம் வேற மாதிரி இருக்கலாம். காரில் அலாய், ஸ்டெப்னி இரும்புன்னா அதற்குரிய நாலு நட்டையும் ஒரு பையில போட்டு டூல்ஸோட வைங்க.

கொஞ்சம் கணக்கு

இந்தக் கார்களின் எடை சுமார் 500 கிலோ. டயரோட ஒரு வீல் 15 கிலோன்னு வச்சுக்குவோம். 1,000 கிலோ காரில் 30 கிலோ ஏற்றுவதற்குச் சமம்.

அதைப் பின் ஆக்ஸிலுக்கு 60 செ.மீ பின்னால் தொங்கவிட்டா என்ன ஆகும்? முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே 2.25 மீட்டர்னு எடுத்துக்கிட்டா, பின் வீல்களில் 19 கிலோ கூடும், முன் வீல்களில் 4 கிலோ குறையும். சீசா பலகையில் ஓரத்தில் ஆள் உட்காருகிற மாதிரி. அதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆக்ஸிலுக்குப் பக்கத்தில், தாழ்வாக மாட்டுங்க.

பள்ளத்தில் விழும்போது அந்த 15 கிலோ, மூன்று மடங்காகி 45 கிலோ மாதிரி இழுக்கும்னு கணக்கு வைங்க. வீலின் மையம் தகட்டிலிருந்து 20 செ.மீ வெளியே, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ என்றால், மேல் போல்ட்டுகள் 60 கிலோ இழுவையைத் தாங்கணும். ஒரு தடவை இல்லை, ஆயிரக்கணக்கான தடவை!

எப்படி மாட்டுறது?

* பின் தகடு மெல்லிய அலுமினியம். அதில் ரிவெட் அடித்து மாட்டினால் கொஞ்ச நாளில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். சுமை போய்ச் சேர வேண்டிய இடம் சேசிஸ் பைப். தகடு நடுவில் இருக்கும் துணி மாதிரி, அவ்வளவுதான்.

* ஸ்கொயர் பைப்பில் நேரடியா ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கினா, பைப் நசுங்கும். நசுங்க நசுங்க போல்ட் லூஸாகும். பைப்புக்குள்ளே ஒரு இரும்பு ஸ்லீவை வைத்து வெல்டிங் செய்து, அதன் வழியா போல்ட்டை விடுங்க. லாக் நட்டு கட்டாயம்.

* பல செவன் வகைக் கார்களில் பின் தகட்டுக்கு உள்ளேயே பெட்ரோல் டேங்க் இருக்கும். பின்னாலிருந்து யாராவது இடித்தால் ஸ்டெப்னி நேரா டேங்க்கைத்தான் தள்ளும். அதனால் போல்ட்டின் முனை டேங்க்கைப் பார்த்து இருக்கவே கூடாது. உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே.

* வெளியே இருக்கும் நட்டுக்கு மூடி போட்ட டோம் நட்டு போடுங்க. பிரிட்டனில் இந்தக் கார்கள் ரோட்டுக்கு வரும் முன் 'ஐ.வி.ஏ' சோதனையில் பாஸாகணும். ஒருத்தர் மேல் கார் உரசினால் கிழிக்கும்படி வெளியே கூர்மையா ஏதும் இருந்தா அங்கே ஃபெயில். பின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் வீல் மறைத்தாலும் அதே கதிதான்.

* சைலன்ஸர் பக்கம் டயரைக் கொண்டுபோகாதீங்க. பெட்ரோல் மூடியை மறைக்காதீங்க.

வெல்டிங்குக்கு முன்னாடி நில்லுங்க!

டேங்க் காரில் இருக்கும்போது அதன் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க. 'காலி டேங்க்தானே' என்ற நினைப்புதான் மோசம். காலி டேங்க்கில் இருப்பது பெட்ரோல் ஆவி. தீப்பொறி பட்டா அதுதான் வெடிக்கும். டேங்க்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வைங்க. டியூபில் மிச்சமிருக்கும் பெட்ரோலையும் வடிங்க. பேட்டரி ஒயரைக் கழற்றுங்க. வெல்டிங் கை பழகலைன்னா, அந்த நாலு இன்ச் வேலையை மட்டும் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. இதில் கூச்சப்பட ஒண்ணுமில்லை.

வீட்டு வாசலிலேயே ஒரு ஒத்திகை

மாட்டியாச்சா? இப்போ ஒரு டயரில் காற்றை முழுசா இறக்கிட்டு, காரில் இருக்கிற டூல்ஸை மட்டும் வச்சு வீலை மாத்திப் பாருங்க. அப்போதான் பல உண்மைகள் தெரியும்.

டயர் சப்பையானதும் கார் இன்னும் தாழும், ஜாக்கி உள்ளே போகாது. ஜாக்கியை மெல்லிய பைப்பின் நடுவில் வச்சா பைப் வளையும். சேசிஸில் பைப்புகள் சேரும் இடமா பாருங்க, நடுவில் ஒரு மரக்கட்டையும் வைங்க.

அடுத்தது, கழற்றின வீலை எங்கே வைக்கிறது? ஒல்லி ஸ்டெப்னிக்காகச் செய்த ஸ்டாண்டில் அகலமான பின் வீல் உட்காராது. இருப்பதோ இரண்டே சீட். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் மடியில்தான் அந்த அழுக்கு வீல் வரணும்! ஸ்டாண்டைச் செய்யும்போதே பெரிய வீலுக்கு அளவெடுங்க, போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்க.

மாசம் ஒரு தடவை

முதல் 100 கி.மீ ஓட்டியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்க. அப்புறம் மாசம் ஒருமுறை ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பாருங்க, தகட்டில் விரிசல் இருக்கான்னு தடவிப் பாருங்க. வெளியே வெயில்படத் தொங்கும் டயர், ஓடாமலே கெட்டுப்போகும். பக்கவாட்டில் டி.ஓ.டி எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. '2319'னா, 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது.

இந்த லைட்வெயிட் கார்கள் 18, 20 பி.எஸ்.ஐ மாதிரி குறைந்த காற்றில்தான் ஓடும். ஸ்டெப்னியில் கொஞ்சம் கூடவே அடிச்சு வைங்க. ரோட்டோரத்தில் காற்றை இறக்குறது சுலபம், ஏத்துறது கஷ்டம்.

ஒரு விஷயம்: நம்ம நாட்டில் வீட்டில் கட்டிய காரை ரோட்டில் பதிவு செய்வது சுலபமில்லை, இருக்கிற காரின் அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தவும் சட்டம் விடாது. ஆனா ஒத்திகைக்கு எந்தத் தடையும் இல்லையே! இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க கார் டிக்கியைத் திறங்க. ஸ்டெப்னியில் காற்று இருக்கா, ஜாக்கி சுத்துதா, வீல் ஸ்பேனர் நட்டில் உட்காருதான்னு பாருங்க. நடுராத்திரி ஹைவேல அதைக் கண்டுபிடிக்கிறதைவிட வீட்டு வாசல்ல கண்டுபிடிக்கிறது நல்லது!