மதுவிலக்கும் சட்டத்தின் வரம்பும்

நல்ல நோக்கத்தோடு ஒரு சட்டம் இயற்றப்படுகிறது. அதை நிறைவேற்றும் வழியும் நல்லதாகவே இருத்தல் வேண்டுமா? சட்டம் பயில்வோரிடம் நான் அடிக்கடி எழுப்பும் வினா இது. இதற்கு விடை காண, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மதுவிலக்கு வரலாற்றைக் காட்டிலும் தக்க சான்றினை நான் அறியேன்.

1919ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அந்நாட்டு அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் உறுதி பெற்றது. அதனைச் செயற்படுத்த அவ்வாண்டிலேயே வோல்ஸ்டெட் சட்டம் பிறந்தது. நூற்றுக்கு அரைப் பங்கு சாராயச் சத்து இருந்தாலே அது போதைப் பானம் எனக் கொள்ளப்பட்டது. 1920 ஜனவரி 17 முதல் மதுவைக் காய்ச்சுவதும், விற்பதும், ஏற்றிச் செல்வதும் குற்றங்களாயின. ஆனால் குடிப்பதைக் குற்றமென்று அச்சட்டம் கூறவில்லை.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு நுட்பம் உண்டு. களவு போனால் பொருளை இழந்தவன் காவல் நிலையத்துக்கு ஓடுகிறான். மது விற்றால் யார் ஓடுவார்? விற்பவனும் வாங்குபவனும் மனமொத்துச் செய்யும் செயலில் முறையிடுவோர் எவருமிலர். ஆகவே அதிகாரிகள் தாமே தேடிச் செல்ல நேர்ந்தது. அத்தேடலின் எல்லை யாது என்பதே சட்ட அறிஞர்களின் முன் நின்ற சிக்கல்.

மிச்சிகன் மாநிலச் சாலையொன்றில் அதிகாரிகள் ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தி, இருக்கைத் திண்டைக் கிழித்து, 68 புட்டி மதுவைக் கண்டெடுத்தனர். அவர்களிடம் வாரண்டு இல்லை. வீடு நின்ற இடத்தில் நிற்கும். வண்டியோ வாரண்டு வருமுன் ஓடி மறையும். ஆதலின் தக்க காரணம் இருப்பின் இத்தகைய சோதனை செல்லும் என்று 1925இல் உச்சநீதிமன்றம் கேரல் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மேயரே மதுவிலக்கு வழக்குகளை விசாரித்தார். எதிரி குற்றவாளி எனத் தீர்ந்தால் மட்டும் மேயருக்குக் கட்டணம் கிடைக்கும். ஒரு வழக்கில் அது 12 டாலர். தண்டித்தால் வருவாய் பெறுபவர் நடுவராக அமர்தல் முறையன்று என 1927இல் டூமி வழக்கில் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அத்தண்டனையை நீக்கியது.

1928இல் வந்த ஓம்ஸ்டெட் வழக்கு இன்னும் கடினமானது. சியாட்டில் நகர மது வாணிகக் கூட்டத்தாரின் தொலைபேசிப் பேச்சுகளை அதிகாரிகள் கம்பிகளின் வழியே ஒட்டுக்கேட்டனர். அம்மாநிலச் சட்டப்படி அச்செயலே குற்றம். எனினும், வீட்டுக்குள் நுழையாமையால் அது சோதனையாகாது என ஐவர் நால்வருக்கு எதிராகத் தீர்த்தனர். நீதிபதி பிராண்டைஸ் மாறுபட்டார். சட்டத்தை அரசாங்கமே மீறினால், மக்களும் அதை மதியாதிருக்கக் கற்றுக்கொள்வர் என்பது அவர் வாதம். 1967இல் அதே நீதிமன்றம் பழைய கொள்கையைக் கைவிட்டது.

சட்டத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு மைய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவாயிருந்தது. 1923இல் நியூயார்க் மாநிலம் தன் மதுவிலக்குச் சட்டத்தை நீக்கிவிட்டது. பாரம் மைய அரசின் தோளில் விழுந்தது. 1929இல் ஹூவர் அமைத்த விக்கர்ஷாம் குழுவில், ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ராஸ்கோ பவுண்டு உள்ளிட்ட 11 பேர் இருந்தனர். 1931இல் வந்த அறிக்கை, சட்டம் செவ்வனே நிறைவேறவில்லை என்று காட்டியது; ஆயினும் குழு என்ற முறையில் திருத்தத்தை நீக்கப் பரிந்துரைக்கவில்லை. உறுப்பினர்கள் தனித்தனியே எழுதிய குறிப்புகளோ பல திசைகளில் சென்றன. 1933 டிசம்பர் 5ஆம் நாள் 21ஆவது திருத்தம் மதுவிலக்கை முடித்து வைத்தது.

மதுவின் கேட்டை எவரும் மறுக்க வேண்டியதில்லை. குடியால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரிலிருந்தே அவ்வியக்கம் எழுந்தது. எனினும், அத்திருத்தம் மறைந்த பின்னும் அதன் வழக்குகள் மறையவில்லை. அமெரிக்கச் சாலையில் காவலர் ஒருவர் வண்டியைச் சோதிக்கும்போது, 1925ஆம் ஆண்டுத் தீர்ப்பே இன்றும் அவருக்குத் துணை நிற்கிறது. ஒரு சட்டத்தை எடைபோடும்போது அதன் நோக்கத்தோடு, அதைக் காப்பவர் கையில் நாம் எத்துணை அதிகாரம் கொடுக்கிறோம் என்பதையும் கேட்டுப் பாருங்கள். கொடுத்த அதிகாரம் சட்டத்தோடு திரும்பி வருவதில்லை.