பிப்ரவரி ரோஜாவுக்கு டிசம்பர் கத்தரி

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். பிப்ரவரி 14-லிருந்து 45 நாள் பின்னாடி எண்ணுங்க. டிசம்பர் 31 வருதா? நாம புத்தாண்டுக்கு என்ன ப்ளான்னு பேசிக்கிட்டு இருக்கிற அந்த நாட்கள்லதான், கர்நாடக எல்லையை ஒட்டின பேரிகை, பாகலூர் பக்கமெல்லாம் ரோஜாத் தோட்டங்கள்ல கவாத்து நடக்கும். வெளிநாட்டுக்குப் போற பூ ஜனவரி கடைசியிலேயே விமானம் ஏறணும். அதுக்கான செடியை டிசம்பர் நடுவுலேயே வெட்டியாகணும்.

வெட்டின நாள்லருந்து பூக்கிற நாளை எப்படி இவ்வளவு துல்லியமா சொல்ல முடியுது? எல்லாப் பூச்செடியும் இப்படி நம்ம சொல் கேட்காது. ஐரோப்பாவுல வசந்தத்துல பூக்கிற லைலாக் மாதிரி புதர்ச்செடிகள் போன வருஷத்துக் கிளையிலதான் மொட்டு வைக்கும். அதைக் குளிர்காலத்துல வெட்டினா, மொட்டையும் சேர்த்து வெட்டின மாதிரி. பூத்து முடிஞ்ச உடனேதான் கத்தரி வைக்கணும். ஐரோப்பாவோட பழைய ரோஜாக்கள்ல பெரும்பாலானவையும் இப்படித்தான்: வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை பூக்கும், அவ்வளவுதான்.

இதை மாத்தினது சீன ரோஜா. 18-ஆம் நூற்றாண்டோட கடைசியில கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்தோட சேர்ந்து அது ஐரோப்பாவுக்குப் போச்சு. பிரெஞ்சுக்காரங்க அதுக்கு ‘வங்காள ரோஜா’ன்னு பேர் வெச்சாங்க. சொந்த ஊர் சீனா, பேர்ல வங்காளம்! அந்தச் செடிகிட்ட ஒரு விசேஷம் இருந்துச்சு: புதுசா விடுற ஒவ்வொரு தளிரோட நுனியிலயும் பூ. கே.எஸ்.என். என்கிற மரபணு பொதுவா பூக்கிறதைத் தடுத்து வைக்கும். தொடர்ந்து பூக்கிற ரோஜாவுல அந்த மரபணு பழுதாகிக் கிடக்குன்னு 2012-ல ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. தடுப்பு போனதால செடி பூத்துக்கிட்டே இருக்கு.

அந்தக் குணத்தை ஐரோப்பிய ரோஜாவோட கலந்ததுல, 1867-ல பிரான்ஸ்ல ‘லா பிரான்ஸ்’ வந்துச்சு. முதல் ஹைப்ரிட் டீ ரோஜான்னு பலரும் சொல்றது அதைத்தான். இன்னைக்கு ஓசூர் பக்கம் பேர் போன சிவப்பு ‘தாஜ்மஹால்’ உட்பட கடையில கட்டா விக்கிற நீளத்தண்டு ரோஜாக்கள் அந்த வழியில வந்தவை. கவாத்து பண்ணினா புதுத் தளிர், தளிர் வந்தா மொட்டு. அதனாலதான் நாள் எண்ண முடியுது.

இந்த ஊர்ல இது ஏன் நல்லா நடக்குது? ஓசூர்ப் பீடபூமி கடல் மட்டத்துலருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ராத்திரியில குளிர், பகல்ல நல்ல வெயில், பக்கத்துலயே பெங்களூரு விமான நிலையம். ஆனா அதே குளிர்தான் வில்லனும். ஜனவரியில பனி கூடினா மொட்டு மெதுவாத்தான் வளரும், 45 நாள் 50-ஐத் தாண்டும். பிப்ரவரி 15-ஆம் தேதி மலர்ற ரோஜா அழகுல ஒரு குறையும் இல்லாதது. விலையில மட்டும் வேற பூ.

2020 மார்ச்சுல ஊரடங்கு வந்தப்ப இந்தக் குணத்தோட இன்னொரு முகம் தெரிஞ்சுது. சந்தை மூடிடுச்சு, செடி மூடல. வாங்க ஆள் இல்லாத பூவையும் தினம் பறிச்சாகணும். விட்டா பூ செடியிலேயே அழுகி நோய் வரும். ஓசூர் விவசாயிகள் கூலி கொடுத்துப் பறிச்ச பூவைக் குப்பையில கொட்டினாங்க. நிக்காம பூக்கிற வரம், அந்த மாசங்கள்ல நிக்காத செலவாச்சு.

உங்க மாடியில ரோஜா இருந்தா, யூடியூப்ல யாரோ சொன்ன மாசத்தைப் பார்த்துக் கத்தரி எடுக்காதீங்க. முதல்ல செடியைப் பாருங்க: பூ பழைய கிளையில வருதா, புதுத் தளிர்லயா? புதுத் தளிர்னா, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குக் கொஞ்சம் மேல, சாய்வா வெட்டுங்க. நம்ம குண்டுமல்லியும் இந்தக் கட்சிதான். நவம்பர் கடைசியில கவாத்து பண்ணினா, மார்ச்சுலருந்து மணக்கும்.

அடுத்த தடவை 20 பூ கட்டின ஒரு ரோஜாக் கட்டைப் பார்த்தா, அதுக்குப் பின்னாடி ஒரு டிசம்பர் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.