அரிய புழக்க நாணயங்கள்: பிரிட்டிஷ் பென்னியும் அதன் உறவுகளும்

அன்றாடப் புழக்கத்துக்கென்றே அச்சடித்து, எண்ணிக்கையில் மிகக் குறைவாக வெளிவந்த காசுகளை நாணயச் சேகரிப்பாளர்கள் தனி இனமாக வைத்துத் தேடுகிறார்கள். விழாக்களுக்காகப் பெட்டியில் வைத்து விற்கும் தங்க, வெள்ளி நாணயங்கள் இந்தக் கணக்கில் சேரா. அவை பிறக்கும்போதே அபூர்வம். கடைக்காரர் தரும் மீதிச் சில்லறையில் வந்திருக்க வேண்டிய காசு, ஆனால் வராமல் போன காசு. அதற்குத்தான் இங்கே மதிப்பு. இப்படி ஒரு காசு உருவாகப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அந்த ஆண்டு யாருக்கும் சில்லறை தேவைப்படவில்லை.

பிரிட்டனின் பழைய வெண்கலப் பென்னி இதற்கு நல்ல சாட்சி. 1932இல் லண்டன் அக்கசாலை 82,77,600 பென்னிகளை அடித்தது. 1934இல் 1,39,65,600. இடையில் 1933இல் வங்கிகளின் பெட்டகங்களில் பென்னி நிரம்பிக் கிடந்ததால் புழக்கத்துக்கென ஒன்றுகூட அடிக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் பென்னி பிறந்தது. நம் ஊரில் வாசக்கால் நிறுத்தும்போது காசு வைப்பதுபோல, அங்கும் முக்கியமான கட்டடங்களின் அடிக்கல்லுக்குக் கீழே அந்த ஆண்டின் காசுகளை வரிசை குறையாமல் புதைப்பது வழக்கம். பென்னி இல்லாமல் வரிசை எப்படி நிறையும்? அதற்காகவும் அருங்காட்சியகங்களுக்காகவும் சில காசுகளை அடித்துக் கொடுத்தார்கள். எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏழு என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் கணக்கு.

அந்த ஏழில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்று அக்கசாலையின் சொந்த அருங்காட்சியகத்தில். இன்னொன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் அடிக்கல்லுக்குக் கீழே போனது. அந்தக் கல்லை நாட்டியவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். லீட்ஸ் பகுதியில் இரண்டு தேவாலயங்களுக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. 1970இல் மிடில்டனில் உள்ள புனித சிலுவை தேவாலயத்தின் அடிக்கல்லைப் பெயர்த்துக் காசுகளை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். இதைப் பார்த்த மறைமாவட்ட ஆயர், கர்க்ஸ்டாலில் இருந்த புனித மரியா தேவாலயத்துக் காசுகளையும் கள்வர் கையில் விடுவானேன் என்று தோண்டி எடுக்கச் சொன்னார். 1972இல் அவை சோத்பி நிறுவனத்தில் ஏலம் போயின. அடிக்கல்லுக்கு அடியில் இருந்தவரை அது வெறும் சடங்குக் காசு. வெளியே வந்ததும் ஒரு தேவாலயத்தின் சொத்து ஆகிவிட்டது.

1960களில் இந்தப் பென்னியைப் பற்றிய பேச்சு பத்திரிகைகள் வழியே வீட்டுக்கு வீடு பரவியது. 1971இல் தசம நாணய முறை வரப்போகிறது, பழைய பென்னி செல்லாக்காசு ஆகப்போகிறது என்றதும் சிறுவர்கள்கூட உண்டியலைக் கவிழ்த்து ஆண்டு பார்த்தார்கள். புழக்கத்துக்கே விடாத காசைப் புழக்கத்தில் தேடிய வேடிக்கை இது. வேறு ஆண்டுக் காசின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி மூன்றாக்கிய போலிகள்தான் அவ்வப்போது அகப்பட்டன.

ஆகவே, கறாராகப் பார்த்தால் 1933 பென்னியைப் புழக்க நாணயம் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். உண்மையிலேயே செலவுக்காக அடித்து, குறைவாக வந்தவை 1950, 1951 பென்னிகள். 1950இல் 2,40,000, 1951இல் 1,20,000. உள்நாட்டில் தேவை இல்லாததால் அவை அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவுக்குப் போயின. எண்ணிக்கை குறைவு என்று தெரிந்ததும் வியாபாரிகள் அங்கிருந்தே திரும்ப வாங்கி வந்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் 1930 பென்னிக்குப் பின்னால் இருந்தது பொருளாதாரப் பெருமந்தம். அந்த ஆண்டு புழக்கத்துக்குப் பென்னி அடித்ததாக மெல்போர்ன் அக்கசாலையின் கணக்கில் இல்லை. ஆனால் காசு இருக்கிறது! 1940களில் சேகரிப்பாளர்கள் கண்ணில் படத் தொடங்கிய இதன் எண்ணிக்கையை 1,500க்கும் 3,000க்கும் இடையில் மதிப்பிடுகிறார்கள். 1933 பென்னியைப் போல் அல்லாமல் இது கைமாறித் தேய்ந்த காசு. மன்னரின் கிரீடத்தில் உள்ள மணிகள்கூட அழிந்துபோன நிலையில் கிடைப்பதே அதிகம்; அந்த மணிகளில் எத்தனை தெரிகின்றன என்பதை வைத்து விலை ஏறும், இறங்கும். இதற்கு ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில், 1916 முதல் 1918 வரை, ஆஸ்திரேலியப் பென்னிகளைக் கல்கத்தா அக்கசாலை அடித்துக் கொடுத்தது. அந்த வழியில் வந்த தலைப்பக்க அச்சைச் சேகரிப்பாளர்கள் ‘இந்திய அச்சு’ என்கிறார்கள். 1930 பென்னிகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வந்தவை.

அடித்த எண்ணிக்கை வேறு, கைக்கு வந்த எண்ணிக்கை வேறு. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்த மேலங்கியில் ஒரு சின்ன யானை இருந்தது. தும்பிக்கையும் வாலும் குட்டையாக அமைந்ததால் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடம் எதிர்ப்பு கிளம்ப, சுமார் 94 லட்சம் அடித்திருந்தும் ஏறக்குறைய 7 லட்சம் மட்டுமே வெளியே விடப்பட்டன. மிச்சம் உருக்கு உலைக்குப் போனது. அடுத்த ஆண்டு யானையைத் திருத்திவிட்டார்கள். ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் மட்டும் சேகரிப்பாளர்களிடையே நிலைத்துவிட்டது.

இன்றைய பிரிட்டனில் பழைய பென்னியின் இடத்தைப் பிடித்திருப்பது ஏழு பக்கங்கள் கொண்ட ஐம்பது பென்ஸ் காசு. கியூ தாவரவியல் பூங்காவின் 250ஆம் ஆண்டை ஒட்டி 2009இல் வந்த காசில், கிறிஸ்டோபர் லே பிரன் வரைந்த சீனப் பகோடாவும் அதைச் சுற்றிப் படரும் கொடியும் இருக்கின்றன. வங்கிகளும் அஞ்சல் அலுவலகங்களும் கேட்கும் அளவுக்குத்தான் அக்கசாலை அடிக்கும். அந்த ஆண்டு 2,10,000 போதுமானதாக இருந்தது. ஐந்து ஆண்டுகள் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 2014இல் எண்ணிக்கை விவரம் பரவலாகத் தெரியவந்த பிறகுதான் ஆளாளுக்குச் சட்டைப்பையைத் துழாவினார்கள். 2019இல் இதே வடிவத்தைச் சேகரிப்பாளர் தொகுப்பில் மறுபடி வெளியிட்டபோது ராணியின் தலை இருக்கும் பக்கத்தில் 2019 என்று பொறித்தார்கள். ஏமாறாமல் இருக்க முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்றைய ஐம்பது பென்ஸ் காசுகளில் மிக அபூர்வமானது என்ற கியூவின் முதலிடம் 2024இல் பறிபோனது. மூன்றாம் சார்ல்ஸ் மன்னரின் முதல் நாணய வரிசையில், அட்லாண்டிக் சால்மன் மீன் பொறித்த 2023ஆம் ஆண்டு ஐம்பது பென்ஸ் காசுகள் 2,00,000 மட்டுமே வந்ததாக அக்கசாலை அறிவித்தது. இவை இரண்டையும்விடக் குறைவாக அடிக்கப்பட்டது 1951 பென்னி. ஆனாலும் கியூ காசு நூறு பவுண்டுக்கு மேல் போகும்போது, நல்ல நிலையில் உள்ள அந்தப் பென்னியை அதைவிட மலிவாகவே வாங்கிவிடலாம். பழைய பென்னி தேடுபவர்களைவிட ஐம்பது பென்ஸ் தேடுபவர்கள் பல மடங்கு அதிகம்.