வழித்துணை

முதன்முறையாக மலையேற வரும் நண்பர் ஒருவருக்காகச் சென்ற வாரம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு நடை. முதுகில் சுமக்கும் பை. தண்ணீர், போர்வை, கைவிளக்கு, மாற்றுக் காலுறை என்று பட்டியல் எளிதில் நிரம்பிவிட்டது. விடைகாணாமல் நின்றது ஒரு கேள்வி மட்டுமே: இவர் தாங்குவாரா? இதே தயக்கத்தை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிஞர் எழுதிவைத்திருக்கிறார்.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374), தென் பிரான்சின் வான்டூ மலையில் ஏறியதை லத்தீன் மொழியில் ஒரு கடிதமாக எழுதினார். 1,900 மீட்டரைச் சற்றே கடந்த அந்த மலையைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் அவர். ஏறிய நாள் 1336 ஏப்ரல் 26 என்பது மரபான கணக்கு. அவ்வளவு உயரமான இடத்தைக் காணும் ஆசையன்றி வேறு நோக்கம் இல்லை என்று அவர் கூறுவதால், ஐரோப்பிய மலையேற்ற வரலாற்றை அவரிடமிருந்து தொடங்குவோர் பலர்.

கடிதத்தின் முற்பகுதி துணை தேடும் படலம். நண்பர்களை ஒவ்வொருவராக மனத்தராசில் நிறுத்துகிறார். ஒருவர் மந்தம், ஒருவர் அவசரம். ஒருவர் ஓயாத சோகம், இன்னொருவர் ஓயாத குதூகலம். ஒருவர் பருமன், மற்றொருவர் மெலிவு. வீட்டில் பொறுத்துக்கொள்ளும் குறைகள் வழியில் பெருஞ்சுமையாகிவிடும் என்பது அவர் வாதம். முடிவில் அனைவரையும் விலக்கிவிட்டுத் தம்பி கெரார்தோவை அழைக்கிறார். உடன்பிறந்தவன் என்பதோடு நண்பன் என்ற இடமும் கிடைத்ததில் தம்பிக்கு மகிழ்ச்சி.

அடிவாரத்து மலோசேன் ஊரில் ஒரு நாள் தங்கி, ஆளுக்கொரு பணியாளுடன் புறப்படுகிறார்கள். வழியில் முதிய இடையர் ஒருவர் தடுக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் உச்சிவரை ஏறியதாகவும், மிஞ்சியவை களைப்பும் மனவருத்தமும் முட்களில் கிழிந்த உடலும் உடையுமே என்றும் சொல்கிறார். (உச்சியைத் தொட்ட முதல் மனிதர் பெட்ரார்க் அல்லர் என்பதற்கு அவர் கடிதமே சாட்சி!) சகோதரர்கள் கேட்கவில்லை. ஆனால் மிகையான உடைகளையும் இடைஞ்சலான பொருள்களையும் அவரிடமே விட்டுவிட்டு ஏறுகிறார்கள்.

அதன்பின் நடந்ததுதான் வியப்பு. தம்பி செங்குத்தான நேர்வழியில் ஏறுகிறார். எளிய வழி தேடும் அண்ணனோ மீண்டும் மீண்டும் பள்ளத்தாக்கில் இறங்கி அலைகிறார். அவர் மூச்சுவாங்கி மேலே வரும்போது தம்பி இளைப்பாறிக் காத்திருக்கிறார்; சிரிக்கவும் செய்கிறார். பிறரைத் தராசில் நிறுத்தியவரே பின்தங்கிப்போனார்.

இக்கடிதம் தியோனிஜி என்ற துறவிக்கு எழுதப்பட்டது. அவர் 1342இல் இறந்துவிட்டார். ஆயினும் நமக்குக் கிடைத்துள்ள வடிவம் 1353 வாக்கில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதற்குள் கெரார்தோ 1343இல் மோன்ரியூ மடத்தில் துறவியாகியிருந்தார். 1348இன் கொள்ளைநோயில் அம்மடத்தின் 35 பேரில் அவர் ஒருவரே எஞ்சினார். ஓடிவிடுமாறு மடத்தலைவர் வற்புறுத்தியும் மறுத்து, மாண்டவர்களைத் தம் கைகளால் அடக்கம் செய்து, ஒரு நாயோடு மடத்தைக் காத்து நின்றார். இதையும் மற்றொரு கடிதத்தில் பெட்ரார்க்கே பதிவு செய்திருக்கிறார். மலையில் தம்பி சென்ற நேர்வழியை எழுதும்போது அண்ணனின் மனத்தில் எந்த வழி இருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டியலை மீண்டும் எடுத்தேன். தேவையற்ற நான்கு பொருள்களை அடித்தேன், நான்கும் என்னுடையவை. நண்பர் தாங்குவாரா என்ற கேள்வியையும் அவற்றோடு விட்டுவிட்டேன். ஒருவேளை, மேலே உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கப்போகிறவர் அவராகவும் இருக்கலாம்.