'யூ ஆர் லையிங்' வேண்டாம்... 'நோ வே' சொல்லுங்க! ஆச்சர்யத்தை இங்கிலீஷில் சொல்வது எப்படி?

"ஏய்... பொய் சொல்லாத!"

நம்ம ஊரில் இதைக் கேட்டு யாராவது கோவிச்சுக்கிட்டுப் பார்த்திருக்கீங்களா? மாட்டாங்க. "அவ்ளோ ஆச்சர்யமா இருக்கு, மேல சொல்லு"ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். ஆனா, இதையே அப்படியே இங்கிலீஷில் மாத்தினா என்ன ஆகும்?

அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி பாண்டிச்சேரி டவுனுக்கு வேலைக்குப் போற தங்கை ஒருத்தி. ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷன் வேலை. வயசான வெளிநாட்டு அம்மா ஒருத்தர் அறைச் சாவியை வாங்கும்போது, "இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு ஜனவரியும் இங்க வர்றேன்"னு இங்கிலீஷில் சொல்லியிருக்காங்க. நம்ம பொண்ணு கண்ணை விரிச்சு, சிரிச்சுக்கிட்டே, "யூ ஆர் லையிங், மேடம்!"னு சொல்லிட்டா. அந்த அம்மாவோட முகம் சட்டுனு மாறிடுச்சு. சாவியை எடுத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்க.

தப்பு எங்கன்னு அவளுக்கு அன்னிக்கு ராத்திரி வரைக்கும் புரியல. பிளஸ் டூவில் இங்கிலீஷில் நல்ல மார்க். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனா, இங்கிலீஷில் 'லை' என்பது கனமான சொல். பழக்கமில்லாத ஒருத்தரைப் பார்த்து அதைச் சொன்னா, "நீ பொய்யன்"னு முகத்துக்கு நேரா குற்றம் சாட்டுறதா அர்த்தம். "நெஜமாவா மேடம்!"னு கேட்க நினைச்சவ, பெரியவங்களை அவமானப்படுத்திட்டா.

ஹோட்டல், கால் சென்டர், இன்டர்வியூ, வெளிநாட்டுப் படிப்புன்னு எங்க போனாலும் நாம பேசுற இங்கிலீஷில் பாதி, அடுத்தவங்க சொல்றதுக்கு 'ரியாக்ட்' பண்றதுதான். பாடப்புத்தகம் அதிகம் சொல்லித்தராத இடமும் அதுதான். அதை இங்க பார்த்துடலாம்.

எல்லாத்துக்கும் 'இஸ் இட்?' போதுமா?

தமிழில் "அப்படியா?" என்ற ஒரு சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தும். அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷிலும் எதுக்கெடுத்தாலும் "இஸ் இட்?"னு கேட்கிறோம். சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இது செல்லுபடியாகும். மத்த நாட்டுக்காரங்களுக்குக் கொஞ்சம் விநோதமா இருக்கும்.

இங்கிலீஷ் வழி என்னன்னா, எதிராளி வாக்கியத்தில் இருக்கிற துணைவினையைப் பிடிச்சு அதையே கேள்வியா திருப்பிப் போடணும்.

"ஷீ இஸ் ஃப்ரம் பாகூர்" என்றால், "இஸ் ஷீ?"

"ஐ காட் தி ஜாப்" என்றால், "டிட் யூ?"

"தே ஹாவ் ஆல்ரெடி லெஃப்ட்" என்றால், "ஹாவ் தே?"

"ஐ கான்ட் ஸ்விம்" என்றால், "கான்ட் யூ?"

கவனிச்சீங்களா? இறந்த காலம் வந்தா 'டிட்', இல்லைன்னு சொன்னா கேள்வியும் இல்லைங்கிற மாதிரியே. முன்னாடி ஒரு "ஓ" சேர்த்து, "ஓ, டிட் யூ?"ன்னா இன்னும் இயல்பா இருக்கும். வேகமா வரலைன்னா கவலை வேண்டாம். "ரியலி?" எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

நண்பர்கள்கிட்ட...

* நோ வே! - "சான்ஸே இல்ல!" நல்ல செய்தி, விநோதமான செய்தி ரெண்டுக்கும் சரி.

* யூ ஆர் கிட்டிங்! - "சும்மா விளையாடாத!" நம்ம "பொய் சொல்லாத"வுக்குச் சரியான ஜோடி இதுதான். 'கிட்டிங்' என்றால் விளையாட்டுக்குச் சொல்றது. அதில் குற்றச்சாட்டு இல்லை.

* ஆர் யூ சீரியஸ்? - "நெஜமாத்தான் சொல்றியா?"

* ஐ கான்ட் பிலீவ் இட்! - "என்னால நம்பவே முடியல!" இது செய்தியைப் பற்றிச் சொல்றது. "ஐ டோன்ட் பிலீவ் யூ" என்று மாத்திட்டா ஆளையே சந்தேகப்படுற மாதிரி ஆகிடும். கடைசிச் சொல் 'இட்'டா, 'யூ'வா என்பதில்தான் எல்லாமே இருக்கு.

* வாவ்! - "அடேங்கப்பா!"

* ஓ மை காட்! - எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா, கடவுள் பெயரைச் சும்மா இழுக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்களும் உண்டு. புதுசா பழகுறவங்ககிட்ட "ஓ மை குட்னஸ்" பாதுகாப்பானது.

சீரீஸ்களில் "ஷட் அப்!", "கெட் அவுட் ஆஃப் ஹியர்!" என்றெல்லாம் வரும். "வாயை மூடு", "வெளியே போ"ன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அமெரிக்கர்கள் நெருங்கின நண்பர்களுக்குள் "அட, போடா!"ன்னு சொல்ற மாதிரி அது. கேட்டாப் புரிஞ்சா போதும். நாம சொல்ல வேண்டாம். தொனி கொஞ்சம் பிசகினா, நிஜமாவே வெளியே போகச் சொன்னதா ஆகிடும்.

மேனேஜர், கஸ்டமர், பெரியவங்ககிட்ட...

இங்க 'கிட்டிங்', 'சீரியஸ்' ரெண்டும் வேண்டாம். இதுங்க போதும்:

* ஓ, ஐ டிட்ன்ட் நோ தட். - "அப்படியா, எனக்குத் தெரியாம போச்சே."

* தட்ஸ் அமேஸிங்! - அந்த விடுதி அம்மாகிட்ட சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கூடவே "ட்வென்டி டூ இயர்ஸ்!"னு அவங்க சொன்ன எண்ணையே வியப்பா திருப்பிச் சொல்லியிருந்தா, அந்த அம்மா பத்து நிமிஷம் நின்னு கதை சொல்லியிருப்பாங்க.

* ஐ வாஸ்ன்ட் எக்ஸ்பெக்டிங் தட். - "நான் இதை எதிர்பார்க்கலை." நல்லது கெட்டது ரெண்டுக்கும் ஆகும்.

சரி, அவங்க சொல்றது நெஜமாவே தப்புன்னு தோணினா? "நோ, நோ, நாட் பாஸிபிள்"னு நேரா மறுக்காதீங்க. "ஐ மே பி ராங், பட் ஐ தாட் இட் வாஸ் மண்டே" என்று பழியை நம்ம பக்கம் வெச்சுக்கலாம். "லெட் மீ டபுள் செக்" இன்னும் நல்லது. நம்பலைன்னும் சொல்லியாச்சு, மரியாதையும் போகலை.

வார்த்தை ஒண்ணு, அர்த்தம் ரெண்டு

"ரியலி?" என்ற சொல்லையே எடுத்துக்கோங்க. கடைசியில் குரல் மேலே ஏறினா ஆர்வம்: "நெஜமாவா, சொல்லு சொல்லு!" அதே சொல்லைத் தட்டையா, குரலைக் கீழே இறக்கி "ரியலி."ன்னா, "இதையெல்லாம் நான் நம்பணுமா?" என்ற சலிப்பு. "சீரியஸ்லி?"யும் அப்படித்தான். "வாட் எ சர்ப்ரைஸ்"ஸைச் சுரத்தே இல்லாம சொன்னா, "இது தெரிஞ்ச கதைதானே" என்ற கிண்டல்.

நம்ம "ரொம்ப நல்லா இருக்கு"வும் இப்படித்தானே? அம்மா எந்தக் குரலில் சொல்றாங்க என்பதை வெச்சுத்தான் அது பாராட்டா, திட்டான்னு தெரியும்.

ஷாக் அடிச்சுதா, ஆச்சர்யமா?

நாம அடிக்கடி சறுக்குற மூணு இடம்:

1. "ஐ ஆம் சர்ப்ரைஸிங்" தப்பு. ஆச்சர்யப்படுற ஆள் 'சர்ப்ரைஸ்ட்'. ஆச்சர்யப்படுத்துற செய்தி 'சர்ப்ரைஸிங்'.

2. தமிழில் நல்ல செய்திக்கும் "ஷாக் ஆயிட்டேன்"னு சொல்வோம். இங்கிலீஷில் 'ஷாக்ட்' பெரும்பாலும் கெட்டதுக்கு. தோழிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சுன்னு கேட்டு "ஐ ஆம் ஷாக்ட்"ன்னா, அவங்களுக்கு மனசு கஷ்டமாகும். "வாட் எ லவ்லி சர்ப்ரைஸ்!" போதும். "ஐ காட் ஷாக்ட்"டோ, கரன்ட் அடிச்ச மாதிரி கேட்கும்.

3. "வாட் எ பியூட்டிஃபுல்!" பாதியில் நிக்குது. 'வாட் எ'வுக்குப் பிறகு பெயர்ச்சொல் வேணும்: "வாட் எ பியூட்டிஃபுல் பீச்!" பெயர்ச்சொல் இல்லைன்னா 'ஹவ்': "ஹவ் பியூட்டிஃபுல்!"

துக்கச் செய்தி வந்தா...

இங்கதான் ரொம்ப ஜாக்கிரதை. ஒருத்தர் வீட்டில் மரணம்னு சொல்லும்போது, பதற்றத்தில் "நோ வே!", "ஆர் யூ ஜோக்கிங்?" எல்லாம் வாயில் வந்துடும். "ஓ நோ. ஐ ஆம் ஸோ சாரி" போதும். நம்ப முடியாத அதிர்ச்சின்னா, "ஐ டோன்ட் நோ வாட் டு சே"னு சொல்லுங்க. அதுக்கப்புறம் அமைதியா இருக்கிறதும் நல்ல இங்கிலீஷ்தான்.

வாட்ஸ்அப்பில் குரல் கேட்காது

மெசேஜில் தொனி போகாது. அதனால வெறும் "ரியலி" எரிச்சலா தெரியலாம். ஒரு ஆச்சர்யக்குறியோ, எமோஜியோ சேர்த்தா பிரச்னை தீரும். 'ஓ.எம்.ஜி' நண்பர்கள் குரூப்போட நிக்கட்டும். ஆபீஸ் மெயிலில் "தட்ஸ் வொண்டர்ஃபுல் நியூஸ்"னு முழுசா எழுதுங்க.

ஒரு பாண்டிச்சேரி கதையோட பயிற்சி

கீழே இருக்கிற கதையை ஃப்ரெண்டுக்கு ஒவ்வொரு வரியா சொல்லுங்க. ஒவ்வொரு வரிக்கும் அவர் வேற வேற விதமா ரியாக்ட் பண்ணணும்.

லெ ஜென்டில் என்கிற பிரெஞ்சு வானியலாளர், சூரியனைச் சுக்கிரன் கடக்கிறதைப் பார்க்க 1760-ல் பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். ("டிட் ஹி?")

அவர் வந்து சேர்றதுக்குள்ள ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிடுச்சு. 1761 ஜூனில் அந்த நிகழ்வு நடந்தப்ப அவர் ஆடுற கப்பலில் இருந்தார். சரியா அளக்க முடியல. ("ஓ நோ!")

அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் ஊர் திரும்பாம காத்திருந்தார். ("எய்ட் இயர்ஸ்? வாவ்!")

1769 ஜூனில் பாண்டிச்சேரியில் கருவிகளோட தயாரா நின்னார். சரியா அந்த நேரத்தில் மேகம் மறைச்சிடுச்சு. ("யூ ஆர் கிட்டிங்!")

1771-ல் பிரான்ஸ் திரும்பினா, அவர் இறந்துட்டதா முடிவு பண்ணி, சொந்தக்காரங்க சொத்தைப் பிரிக்கிற வேலையில் இருந்தாங்க. ("ஐ கான்ட் பிலீவ் இட்!")

இதே மாதிரி நம்ம ஊர்க் கதை இன்னொண்ணும் கையில் வெச்சுக்கோங்க. அரியாங்குப்பம் ஆத்தங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்ப ரோமானிய மண்பாண்டங்கள் கிடைச்சுது. சுற்றுலா வர்றவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. இந்தத் தடவை "நோ வே!" அவங்க வாயிலிருந்து வரும்.

அந்தத் தங்கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? அந்த அம்மா ஊருக்குக் கிளம்புற நாள் காலையில், அவளே போய் "ஐ ஆம் சாரி, மேடம்"னு ஆரம்பிச்சு, தமிழில் அதுக்கு என்ன அர்த்தம்னு விளக்கினா. அவங்க ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சிரிச்சுட்டாங்க. "ரியலி?"ன்னு கேட்டாங்களாம், குரலை மேலே ஏத்தி.